கென்யாவுக்குக் குறுகிய கால ஊழியப் பயணம்: முதல்முறை போகிற சபைக் குழுக்களுக்கு

போன ஆகஸ்டில் திருநெல்வேலிப் பக்கமிருந்து நாங்கள் ஒன்பது பேர் மேற்குக் கென்யாவில் உள்ள காகமேகாவுக்கு 14 நாள் ஊழியப் பயணம் போய்வந்தோம். கர்த்தருடைய கிருபையால் பயணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஐந்து மாதம் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு தம்பி மும்பை விமான நிலையத்திலேயே நின்றுபோனார். இரண்டு பேருக்கு டிக்கெட்டில் பெயர் தப்பாகி, திருத்தப் பணம் கட்டினோம். இதெல்லாம் தெரியாமல் நடந்தவை, முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நடந்திருக்காது. உங்கள் சபையில் யாராவது கிளம்புகிறார்கள் என்றால் இதை வரிசையாகப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1. முதலில் அவர்களுடைய கடிதம், அப்புறம் உங்கள் திட்டம்

நாங்கள் தலைகீழாக ஆரம்பித்தோம். ஐந்து நாள் சுவிசேஷக் கூட்டம், மூன்று நாள் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, ஒரு மருத்துவ முகாம் என்று நாங்களே நிகழ்ச்சி போட்டு அங்குள்ள போதகருக்கு அனுப்பினோம். அவர் ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதினார். தங்களிடம் பிரசங்கிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள், கூட்டங்களும் வாராவாரம் நடக்கின்றன என்றார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க யாராவது உண்டா, பெண்கள் சங்கத்தில் பதினொரு தையல் மெஷின் ஓடாமல் கிடக்கிறது, பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டா என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை ஜெபக்கூட்டத்தில் வாசித்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கென்யாவில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஆறு பேர். விளக்கு ஏற்கெனவே நம் வீட்டைவிடப் பிரகாசமாக எரிகிற ஊருக்கு நாம் விளக்கேற்றப் போகிறோம் என்று நினைத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் குழுவையே மாற்றினோம். இரண்டு ஆசிரியைகள், தையல் மெஷின் மெக்கானிக்காக இருக்கிற ஒரு அண்ணன், அவருக்கு உதவியாக இரண்டு பேர் என்று சேர்த்தோம். பயணத்தில் நன்றாக நடந்த எல்லாம் அந்தக் கடிதத்தால்தான் நடந்தது.

அதனால் உங்களுக்கு என் முதல் வேண்டுகோள், அங்குள்ள சபையிடம் கேளுங்கள். எத்தனை பேர் வரலாம், எந்தத் தேதி, என்ன வேலை, எங்கே தங்குவது, யார் செலவு என்று எல்லாம் எழுத்தில் வரட்டும். சபையின் தலைப்புத்தாளில், முத்திரையோடு, உங்கள் ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு அழைப்புக் கடிதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த "வாருங்கள்" எந்த அலுவலகத்திலும் செல்லாது.

2. அழைப்பவர் யார் என்று விசாரியுங்கள்

இதைச் செய்யச் சங்கடமாக இருக்கும். ஊழியக்காரரைச் சந்தேகப்படுவதா என்று எங்களிடமும் ஒரு பெரியவர் கேட்டார். ஆனால் 2023இல் கென்யாவின் கிலிஃபி பகுதியில் ஷகாஹோலா காட்டில், ஒரு போதகரின் பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்து செத்தவர்களின் உடல்கள் 400க்கு மேல் தோண்டியெடுக்கப்பட்டன. அதற்குப் பிறகு அங்கே அரசாங்கமும் சரி, மக்களும் சரி, சபைகளைக் கவனமாகத்தான் பார்க்கிறார்கள். சங்கப் பதிவுச் சான்றிதழின் நகல் கேளுங்கள். ஒழுங்கான சபை தயங்காமல் அனுப்பும். எங்களுக்கு மறுநாளே வந்தது. அதோடு அதே ஊரில் வேறு ஒரு சபையிடமோ, ஏற்கெனவே போய்வந்த குழுவிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அனாதை இல்லத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்புவதுதான் இப்போது அந்த நாட்டின் கொள்கை. வெளிநாட்டார் இரண்டு நாள் வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதில்லை.

3. தேதி

நமக்கு லீவு மே மாதம். அங்கே மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், மே மாதம் பள்ளிக்கூடமும் நடக்கும். பிள்ளைகளோடோ ஆசிரியர்களோடோ வேலை என்றால் ஏப்ரல் விடுமுறை, ஆகஸ்ட் விடுமுறை, நவம்பர்-டிசம்பர் விடுமுறை என்று மூன்றே வாய்ப்புதான். ஆகஸ்ட் நல்ல மாதம், ஆனால் அது சுற்றுலா சீசன், டிக்கெட் விலை ஏறியிருக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காக எல்லாரும் சொந்த ஊருக்குப் போவதால் பஸ் கட்டணம்கூட ஏறிவிடும்.

குழுவில் அரசு ஊழியரோ, அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளி ஆசிரியரோ இருந்தால் வெளிநாடு போகத் துறை அனுமதி வாங்க வேண்டும். அந்த ஃபைல் ஒவ்வொரு மேசையாக நகர்ந்துதான் வரும். எங்கள் ஆசிரியைகள் இருவரில் ஒருவருக்கு உத்தரவு கைக்கு வந்தது கிளம்புவதற்கு ஆறு நாள் முன்பு. மூன்று மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

4. பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட் கென்யாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். புதிதாக எடுக்க 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் இன்னும் 2,000. இது எளிது.

நம் ஆட்களுக்குச் சிக்கல் வருவது இனிஷியலில். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. டிக்கெட் போடும் தளம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. எங்களில் இரண்டு பேர் அவசரத்தில் இனிஷியலை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள், பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தே இல்லை. திருத்தத்துக்கு ஆளுக்கு 3,500 ரூபாய். ஒன்பது பாஸ்போர்ட்டின் நகலையும் ஒருவரே வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்து டிக்கெட் போடட்டும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் என்ன எழுதுவது என்று விமான நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள். டிக்கெட்டில் எப்படியோ அப்படியே நுழைவு அனுமதியிலும், தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் கார்டிலும் இருக்க வேண்டும்.

5. நுழைவு அனுமதி

கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து பழைய விசா கிடையாது. ஈ.டி.ஏ. என்கிற மின்னணு அனுமதியை ஆன்லைனில் எடுக்க வேண்டும். கட்டணம் 30 டாலர், அதற்கு மேல் கார்டுக் கட்டணமும் சேரும். பாஸ்போர்ட் பக்கம், முகப் படம், விமான விவரம், தங்குமிட விவரம் கேட்கும். மூன்று வேலை நாள் என்கிறார்கள், நீங்கள் மூன்று வாரம் முன்னால் போட்டுவிடுங்கள். கூகுளில் தேடினால் முதலில் வருவது பல சமயம் இடைத்தரகர் தளம்தான், பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும், இரண்டு மடங்கு வாங்கும். முகவரி கென்ய அரசுக்குரிய 'கோ டாட் கேஇ' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது முக்கியம். "சுற்றுலா என்று போட்டுவிட்டுப் போய் ஊழியம் செய்யுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்" என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பொய் சொல்லி உள்ளே போய் எந்த வாயால் வசனம் சொல்வது? அது போகட்டும், மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது நம்மை அழைத்த அந்தச் சபைதான். குறுகிய காலம் ஊழியமோ பயிற்சியோ செய்கிறவர்களுக்கு அங்கே ஸ்பெஷல் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. நீண்டகால மிஷனரிகளுக்கு வேறு வகை அனுமதி. உங்கள் வேலைக்கு எது தேவை என்பதை அழைக்கும் சபை அங்குள்ள குடியேற்றத் துறையில் எழுதிக் கேட்கட்டும், விண்ணப்பத்தையும் அவர்களே போட வேண்டும். அதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

மருத்துவ முகாம் நினைத்திருந்தால் இன்னும் கவனம். இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர் என்றாலும் நர்ஸ் என்றாலும் கென்யாவில் அந்தந்தக் கவுன்சிலின் தற்காலிக உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. மருந்துப் பெட்டி கொண்டுபோகவும் தனி அனுமதி. நாங்கள் அந்த எண்ணத்தையே கைவிட்டோம்.

6. மஞ்சள் கார்டு

இதை இந்தக் கட்டுரையில் தடித்த எழுத்தில் போட வேண்டும். கென்யா மஞ்சள் காய்ச்சல் என்கிற, கொசு பரப்பும் நோய் உள்ள நாடு. அங்கிருந்து திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்தச் சான்றிதழ் செல்லும், கிளம்பும்போதே விமான நிறுவனமும் இந்தத் தேதியைப் பார்க்கும். இந்தப் பத்து நாள் கணக்குதான் எங்களை வீழ்த்தியது. கடைசியாகக் குழுவில் சேர்ந்த தம்பி நான்கு நாள் முன்புதான் ஊசி போட்டார். ஊசி போட்டாயிற்று, கார்டு கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். மும்பையில் செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் கார்டைத் திருப்பி, தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். மேலே பேச ஒன்றுமில்லை. எட்டுப் பேர் உள்ளே போனோம், அவர் பெட்டியோடு கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தார். ஒரு வாரம் கழித்து 19,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி வந்து சேர்ந்தார்.

ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் எல்லாருக்கும் தெரிந்தது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று அமைச்சகத்தின் பட்டியலில் பாருங்கள். குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போடுவார்கள், அசல் பாஸ்போர்ட் வேண்டும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். கார்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாஸ்போர்ட் எண்ணை ஒப்பிடுங்கள். எங்கள் கார்டு ஒன்றில் 6க்குப் பதில் 0 எழுதியிருந்தது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், அதனால் பத்திரமாக வையுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயது தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். பயணமே இதைப் பொறுத்து மாறலாம்.

7. மலேரியா

காகமேகாவும் விக்டோரியா ஏரிப் பக்கமும் மலேரியா உள்ள பகுதிகள். தடுப்பு மாத்திரை கட்டாயம். சிலது தினமும் சாப்பிடுவது, சிலது வாரம் ஒன்று. வாரம் ஒன்று வகையைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்பதால் டாக்டரைக் கடைசி நேரத்தில் பார்க்காதீர்கள். டாக்சிசைக்ளின் எடுத்தால் திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும், வெயில் பட்டால் தோல் எரியும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிச் செலவும், அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் ஒரு ரூபாய் வராது.

8. பணம்

எங்களுக்கு ஆளுக்கு ஆன செலவு ஏறக்குறைய 90,000 ரூபாய். சென்னை-மும்பை-நைரோபி போகவர 54,000. ஈ.டி.ஏ. 3,000. காப்பீடு 1,500. ஊசி, மாத்திரை 1,000. கென்யாவுக்குள் போக்குவரத்து 9,000. தங்குமிடமும் சாப்பாடும் 15,000, இதை அந்தச் சபையிடம் முன்பணமாகக் கொடுத்தோம். மற்றவை 6,500. இதற்கு மேல் ஆளுக்குப் பத்தாயிரம் தொடாமல் வைத்திருங்கள்.

சபையின் டிரஸ்ட் கணக்கிலிருந்து வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் எடுக்குமுன் ஆடிட்டரைக் கட்டாயம் பாருங்கள். டிரஸ்ட் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்கில் சிக்கல் வரும், அதற்கு நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் ஒவ்வொருவரும் சொந்தக் கணக்கிலிருந்தே கட்டினோம்.

டாலரை நோட்டாக ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 வரைதான் எடுத்துப் போகலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். நோட்டு புதியதாக, கிழிசலோ பேனா எழுத்தோ இல்லாமல் இருக்க வேண்டும். பழைய டாலரை அங்கே வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் குறைத்துத்தான் தருவார்கள். ஒரு கென்ய ஷில்லிங் நம் காசில் 70 பைசா அளவுக்கு வரும். அங்கே காய்கறிக்காரம்மா வரைக்கும் எம்-பெசாதான், நம் ஜிபே போல. பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கி அதிலேயே கணக்குத் திறக்கலாம். குழுவில் ஒருவருக்கு இருந்தால் போதும்.

9. பெட்டி கட்டுதல்

பிளாஸ்டிக் பை வேண்டாம். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, தண்டனை சிறை வரை போகும். நாம் செருப்பை ஒரு கவரில், முறுக்கை ஒரு கவரில், ஈரத்துணிக்கு ஒரு கவர் என்று கட்டியே பழகியவர்கள். நான் வீட்டில் பெட்டியைத் திறந்து எண்ணினேன், பதினான்கு கவர் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மஞ்சப்பையில் மாற்றினோம்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையாகக் கொண்டுபோகாதீர்கள். நைரோபி கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல், ஆகஸ்டில் காலையில் நல்ல குளிர். காகமேகாவில் மத்தியானத்துக்கு மேல் அநேகமாக மழை. ஸ்வெட்டர், குடை, மூன்று தட்டைக் கால் உள்ள பிளக்குக்கான அடாப்டர் அவசியம். கறிவேப்பிலை, விதை, பழம் வேண்டாம். ட்ரோன் அனுமதி இல்லாமல் கூடாது. துண்டுப்பிரதிகளைக் கட்டுக்கட்டாகச் சுமக்காதீர்கள். சுவாஹிலி வேதாகமம் நைரோபியில் கென்ய வேதாகமச் சங்கத்திலேயே கிடைக்கும்.

10. போய்ச் சேர்ந்த பின்

நைரோபியிலிருந்து காகமேகாவுக்குச் சாலையில் எட்டு மணி நேரம் ஆகும். கிசுமு வரை விமானத்தில் போனால் அங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். ராத்திரிச் சாலைப் பயணம் வேண்டாம்.

பேசுகிறவர்களுக்கு ஒன்று. மொழிபெயர்ப்போடு பேசும்போது அரைமணி நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். எதுகை மோனை எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகும். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரோடு முந்தின நாளே உட்கார்ந்து பாருங்கள், அவருக்குக் காணிக்கை கொடுங்கள். "ப்வானா அசிஃபிவே" என்றால் நம் "ஸ்தோத்திரம்" மாதிரி. அதைச் சொன்னாலே முகம் மலரும்.

சாப்பாட்டைப் பற்றி நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. அங்கே லுஹ்யா மக்கள் விருந்தாளிக்குக் கோழி அடிப்பது பெரிய மரியாதை. தினமும் உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் கோழிக்குழம்பும் வந்தது, நாங்களும் சாப்பிட்டோம். நான்காம் நாள் காலையில் பல் தேய்க்கப் பின்பக்கம் போனேன். கோழிக்கூட்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கோழிகூட இல்லை, இறகு மட்டும் கிடந்தது. எங்கள் சாப்பாட்டுக்கு நாங்கள் கொடுத்த பணம் சபைக் கணக்கில் இருந்தது, எங்களுக்குச் சமைத்துப்போட்ட அம்மாவின் கைக்கு வரவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, பணத்தை எப்போது யாரிடம் கொடுப்பது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே போதகரிடம் சொல்லிச் சரிசெய்தோம். அப்புறம் சுகுமா விகி என்கிற கீரை போதும் என்று அந்த அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. நீங்கள் யார் வீட்டில் தங்குகிறீர்கள், சமைப்பவர் கையில் பணம் முதல் நாளே போகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். பெற்றோரைக் கேட்காமல் நம் வீட்டுப் பிள்ளையை யாராவது அப்படிப் போட்டால் விடுவோமா? தனியாக வந்து பள்ளிக் கட்டணம் கேட்பவர்கள் இருப்பார்கள், கேட்கும்போது மனசு தாங்காது. வாக்குக் கொடுக்காதீர்கள். பெயரைக் குறித்துக்கொண்டு சபைக் கமிட்டியிடம் சொல்லுங்கள். யாருக்கு உண்மையில் தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

11. திரும்பி வந்த பின்

மஞ்சள் கார்டை விமானத்திலேயே கையில் எடுத்து வையுங்கள். மலேரியா மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த சில மாதத்தில் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்காமல், கென்யா போய்வந்தேன் என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி ரத்தம் பாருங்கள்.

ஒரு மாதத்துக்குள் கணக்கை முடித்து, ஒரு நகலை இங்கே சபைக்கும் ஒன்றை அங்கேயும் அனுப்புங்கள். வேலை எப்படி இருந்தது, எது தேவைப்படவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். எங்களுக்கு வந்த பதிலில் ஆசிரியர் பயிற்சியை இன்னும் இரண்டு நாள் கூட்டியிருக்கலாம் என்றும், பாட்டு நிகழ்ச்சிகளைக் குறைத்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. பதினொரு மெஷினில் ஒன்பது ஓடுகிறதாம். மீதி இரண்டுக்குப் பாபின் கேஸும் பெல்ட்டும் வேண்டுமாம், மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். மெக்கானிக் அண்ணன் அந்தப் படத்தோடு திருநெல்வேலி டவுனில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவிட்டார். அடுத்த மாதம் நைரோபி போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம், துணிப்பையில் போட்டு.